அந்தப் படத்தைத் திரும்பப் பட்டியலில் சேருங்கள்: நம் திரைப்படக் கழகச் செயற்குழுவுக்கு ஒரு திறந்த மடல்

செயற்குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

இந்த மாதம் திரையிடுவதாக அறிவித்திருந்த, அமெரிக்க இயக்குநர் சிட்னி லூமெட்டின் 'பிஃபோர் த டெவில் நோஸ் யூ ஆர் டெட்' படத்தை நீக்கிவிட்டதாக வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போட்ட தகவலைப் படித்தேன். குடும்ப உறவுகளைக் கொச்சைப்படுத்தும் படம் என்று உறுப்பினர்கள் சிலர் கருதுவதாகக் காரணம் சொல்லியிருக்கிறீர்கள். அந்தச் சிலர் யார், எப்போது கூடிப் பேசினார்கள், அவர்களில் எத்தனை பேர் படத்தைப் பார்த்திருக்கிறார்கள் என்ற விவரம் எதுவும் இல்லை. கேட்டவர்களுக்கு, "விடுங்க, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்திருக்கிறது. என்னால் விட முடியவில்லை. உறுப்பினர்கள் எல்லாரும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்துவிடுமே என்று கவலைப்பட வேண்டாம். கொள்ளை படத்தின் ஆரம்பத்திலேயே நடந்து முடிந்துவிடும். அதற்கு முன் என்ன நடந்தது, பின்னால் என்ன ஆனது என்பதுதான் மிச்சப் படம்.

நியூயார்க்கில் ஓர் அண்ணனும் தம்பியும். அண்ணன் ஆண்டிக்கு ரியல் எஸ்டேட் நிறுவனத்தில் கணக்கு வழக்குகளைப் பார்க்கும் வேலை. நல்ல சம்பளம், மிடுக்கான உடை, உள்ளே போதைப் பழக்கம். அதற்காக ஆபீஸ் பணத்தில் கை வைத்திருக்கிறான், தணிக்கை வரப்போகிறது. தம்பி ஹேங்க் விவாகரத்தானவன். மகளின் பராமரிப்புக்கு மாதாமாதம் கொடுக்க வேண்டிய தொகை பாக்கி. பள்ளியில் பிள்ளைகளை நாடகம் பார்க்கக் கூட்டிப்போகிறார்கள், அதற்குப் பணம் கட்டுவதற்கும் அவனிடம் வழியில்லை. அண்ணன் ஒரு யோசனை சொல்கிறான்: புறநகரில் ஒரு சின்ன நகைக்கடை இருக்கிறது, பெட்டகத்தின் எண் முதல் எல்லாம் நமக்குத் தெரியும், சனிக்கிழமை காலையில் வேலைக்காரப் பாட்டி ஒருத்திதான் இருப்பாள், இன்சூரன்ஸ் உண்டு, யாருக்கும் நஷ்டமில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் தம்பிக்கு மெல்ல உறைக்கிறது. அது அவர்களுடைய அப்பா அம்மாவின் கடை.

அன்றைக்குப் பார்த்து அந்தப் பாட்டி வரவில்லை. கடையில் இருந்தது அம்மா. பயந்த தம்பி, தான் உள்ளே போகாமல் வேறொருவனை அனுப்பியிருக்கிறான். அவன் கையில் நிஜத் துப்பாக்கி. அவனும் அங்கேயே சாகிறான், குண்டடிபட்ட அம்மா சில நாள் நினைவில்லாமல் கிடந்து சாகிறாள்.

இதில் கொச்சை எங்கே இருக்கிறது?

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். கெல்லி மாஸ்டர்ஸன் முதலில் எழுதிய திரைக்கதையில் இவர்கள் இருவரும் நண்பர்கள். அண்ணன் தம்பியாக மாற்றியது லூமெட். அவருடைய முதல் படமான '12 ஆங்ரி மென்' 1957-இல் வந்தது. அதிலிருந்து சரியாக 50 ஆண்டு கழித்து, 83 வயதில், இந்தப் படத்தை எடுத்தார். அதுவே அவருடைய கடைசிப் படம். 2011-இல் இறந்துபோனார். அரை நூற்றாண்டு படம் எடுத்த ஒரு மனிதர் கடைசியாகக் கையில் எடுத்த கதையில் நண்பர்களை எடுத்துவிட்டு உடன்பிறப்புகளை வைத்தாரென்றால், குடும்பத்தின் மேல் அவருக்கு இளக்காரம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெளியாள் கேட்டால் மறுத்துவிடக்கூடிய ஒன்றை அண்ணன் கேட்டால் மறுக்க முடியாது. அந்த இடத்தைத்தான் அவர் பார்க்கச் சொல்கிறார்.

அண்ணன் தன் ஆபீஸ் அறையில் தம்பியை உட்கார வைத்துப் பேசும் காட்சியைக் கவனியுங்கள். மிரட்டல் கிடையாது, சத்தம் கிடையாது. அண்ணனாக நடிக்கும் ஃபிலிப் சீமோர் ஹாஃப்மேன் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சின்ன வயதிலிருந்தே தம்பியைத் தெரிந்தவனின் தோரணையில் பேசுகிறார். தம்பியாக வரும் ஈதன் ஹாக்குக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கொஞ்சம் பணத்தை முன்கூட்டியே நீட்டுகிறான் அண்ணன். தம்பி வாங்கிக்கொள்கிறான். அவ்வளவுதான், முடிந்தது. அந்தப் பணத்தை அவன் செலவழித்த பிறகு பின்வாங்க வழியே இல்லை. முன்பணம் வாங்கியவன் எப்படிச் சிக்குகிறான் என்பது நம் ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டிய விஷயமில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் சம்பந்தப்பட்டவர்களில் பெரும்பாலோர் இன்று இல்லை, இருக்கும் ஒருவரிடம் அனுமதி கேட்டுவிட்டேன்.

என் பெரியப்பா பாத்திரக்கடை வைத்திருந்தார். வியாபாரம் நொடித்தபோது வங்கியில் கேட்கவில்லை. தண்டல்காரரிடம் ஆரம்பித்து மீட்டர் வட்டிக்குப் போனார். என் அப்பா அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தர். மாதச் சம்பளக்காரர் ஜாமீன் கையெழுத்துக்கு எவ்வளவு வசதி என்று உங்களுக்குத் தெரியும். தொகை எழுதாத புரோநோட்டில் அப்பா கையெழுத்துப் போட்டார், காசோலையும் கொடுத்தார். அம்மா எதிர்த்துக் கேட்டதற்கு, "அண்ணாச்சி கேட்கும்போது எப்படி முடியாதுன்னு சொல்ல?" என்றார். அவரிடம் வேறு பதில் இருக்கவில்லை.

அப்புறம் ஒருநாள் ஆச்சியின் பீரோவிலிருந்து இரட்டைவடச் சங்கிலி காணாமல் போனது. வீட்டில் பாத்திரம் தேய்க்க ஓர் அக்கா வந்துகொண்டிருந்தார். வெளியாள் அவர் ஒருவர்தான். ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் வரை உட்கார வைத்து விசாரித்தார்கள். அடிக்கவில்லை என்று சொன்னார்கள். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் அவருக்கு ஒரு வீட்டிலும் வேலை கிடைக்கவில்லை. சங்கிலியை எடுத்து அடகு வைத்தவர் பெரியப்பா. அது அப்பாவுக்குத் தெரியும். அண்ணனின் சட்டைப் பையில் அடகுச் சீட்டைப் பார்த்துவிட்டார். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. பெரியப்பா சொன்ன நியாயமும் படத்தில் வரும் அதே நியாயம்தான்: நம் வீட்டு நகைதானே, மீட்டு வைத்துவிடலாம், யாருக்கு என்ன நஷ்டம்?

நகை மீளவில்லை. கடன் கொடுத்தவர் காசோலை வழக்குப் போட்டார், புரோநோட்டுக்குத் தனி வழக்கு. அப்பாவின் சம்பளத்தில் ஜப்தி வந்தது. இதெல்லாம்கூட அவரை அவ்வளவு உலுக்கவில்லை. சாகும் வரை அவரைத் தின்றது அந்த அக்காவின் விஷயம். கடைசி நாட்களில் அவரைத் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார், போகவில்லை. அப்பா இறந்த பிறகு அம்மாதான் போய் வந்தார். அங்கே என்ன பேசினார்கள் என்பது அவர்கள் இருவருக்குமானது. நான் மேலே சொன்ன அனுமதி அந்த அக்காவிடம் வாங்கியது.

இந்தப் படத்தை முதல்முறை பார்த்தபோது என்னை உறைய வைத்தவர்கள் அண்ணனும் தம்பியும் இல்லை. கொள்ளைக்குப் போய்ச் செத்தவனுக்கு ஒரு மனைவி இருக்கிறாள், கிறிஸ். கைக்குழந்தைக்காரி. இரண்டு சகோதரர்களும் திட்டம் போட்டபோது அவள் அவர்களுடைய கணக்கிலேயே இல்லை. அவளுடைய அண்ணன் வந்து ஹேங்கை மிரட்டிப் பணம் கேட்கிறான். அங்கே இன்னொரு உடன்பிறந்த பாசம் பேரத்துக்கு உட்காருகிறது. கடைசியில் அந்தச் சின்ன வீட்டுக்குள்தான் எல்லாக் கணக்கும் துப்பாக்கியோடு வந்து முடிகிறது. லூமெட் அவளுக்குக் கொஞ்ச நேரம்தான் கொடுக்கிறார், ஆனால் அவளை மறக்க விடவில்லை. ஒரு குடும்பம் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளும்போது அதற்கு விலை கொடுப்பவர்கள் அந்தக் குடும்பத்துக்கு வெளியில் இருப்பவர்கள். எங்கள் வீட்டில் அது பாத்திரம் தேய்த்த அக்கா. படத்தில் கிறிஸ்.

பாசமலர்களாக அண்ணன் தம்பி கட்டிப்பிடித்து முடியும் படங்களை நாம் நிறையப் பார்த்துவிட்டோம், அவற்றில் பலவற்றைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன். அவற்றின் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் தம்பியின் தியாகத்தைக் கைதட்டிப் பார்க்கும் அந்தப் படங்களில் தம்பியின் மனைவி எங்கே என்று தேடிப் பாருங்கள், சமையலறை வாசலில் நின்றுகொண்டிருப்பார். நம் மரபு இதைப் பேசத் தெரியாத மரபும் இல்லை. சூதில் எல்லாவற்றையும் வைத்துத் தோற்ற தருமனின் கையை எரித்துவிட வேண்டும் என்று பீமன் குமுறுவதைப் பாரதி எழுதியிருக்கிறார். நெல்லையில் படித்த பாரதி. அண்ணன் ஆடிய சூதில் பணயமாகிச் சபைக்கு இழுத்து வரப்பட்டது யார் என்றும் அவர் எழுதியிருக்கிறார். மேடை போட்டு அதைப் பாடுகிறோம், பள்ளிப் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்கிறோம்.

தகப்பனே மகனைக் கொல்வதாகப் படம் முடிகிறதே என்று உங்களில் ஒருவர் என்னிடம் நேரில் கேட்டார். ஆமாம், அப்படித்தான் முடிகிறது. மருத்துவமனையில் குண்டடிபட்டுக் கிடக்கும் ஆண்டியிடம் அப்பா வருகிறார். மகன் மன்னிப்புக் கேட்கிறான். அப்பா, மகனின் நெஞ்சில் ஒட்டியிருந்த இதயத்துடிப்புக் கருவியின் வயர்களை எடுத்துத் தன் நெஞ்சில் ஒட்டிக்கொண்டு தலையணையை எடுக்கிறார். அப்பாவாக நடிக்கும் ஆல்பர்ட் ஃபின்னியின் முகத்தில் அப்போது கோபம் என்று மட்டும் சொல்லிவிட முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது. தேர்க்காலில் மகனைக் கிடத்திய மனுநீதிச் சோழனின் கதையை நாம் நான்காம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்கிறோம். நீதி என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். லூமெட் அந்தப் பெயரையும் வைக்கவில்லை. இந்த அப்பா செய்வது நீதியா, பழியா, இத்தனை வருடம் மூத்த மகனிடம் காட்டாமல் விட்ட பாசத்தின் மிச்சமா? இறுதிச் சடங்குக்குப் பிறகு அப்பாவும் மகனும் பேசும் காட்சி ஒன்று உண்டு. சரியான அப்பாவாக இல்லை என்று இவர் வருத்தம் சொல்கிறார். "நான் உங்கள் மகன்தானா?" என்று அவன் கேட்கிறான். கன்னத்தில் ஓர் அறை விழுகிறது. பிறகு காரை ஓட்டிக்கொண்டே ஆண்டி உடைந்து அழுகிறான். கொலைகாரன் மேல் இரக்கம் வந்துவிடுகிறதே என்று பார்ப்பவர் தவிக்கும் இடம் அது. இதையெல்லாம் உட்கார்ந்து பேசத்தானே கழகம்?

ஊரைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2017 அக்டோபரில் நம் திருநெல்வேலி கலெக்டர் அலுவலக வளாகத்தில் கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் தீக்கிரையானார்கள். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும், உங்களுக்கும் வரும் என்று நம்புகிறேன். கந்துவட்டித் தடைச் சட்டம் 2003-இலேயே வந்துவிட்டது. நாள் வட்டி, மணி வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று பெயர் சொல்லியே தடை செய்கிறது. மூன்றாண்டு வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். திரைத்துறையும் இதற்கு வெளியே இல்லை. கடன் நெருக்கடியில் தயாரிப்பாளர் ஜி. வெங்கடேஸ்வரன் இறந்ததும் அதே 2003-இல்தான். மணிரத்னத்தின் அண்ணன் அவர்.

ஜாமீன் விஷயம் இன்னும் மோசம், ஏனென்றால் அது யாருக்கும் தெரிவதில்லை. கடன் வாங்கியவரைத் துரத்தி முடித்த பிறகுதான் ஜாமீன் போட்டவரிடம் வருவார்கள் என்று என் அப்பா நம்பிக்கொண்டிருந்தார். 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவு அப்படிச் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, கடன் வாங்கியவருக்கு என்ன பொறுப்போ அதே பொறுப்பு ஜாமீன்தாரருக்கும். நேராக இவரிடமே வரலாம். இது தெரிந்திருந்தால் அப்பா கையெழுத்துப் போட்டிருக்க மாட்டாரா? போட்டிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் இது சட்டம் தெரிந்தால் மட்டும் தீரும் விஷயமில்லை என்கிறேன். அண்ணனிடம் முடியாது என்று சொல்வதை நினைத்துப் பார்க்கவாவது ஒரு மனிதனுக்கு இடம் வேண்டும். இருட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இன்னொரு தம்பியின் முகத்தைப் பார்ப்பது அந்த இடத்தைக் கொடுக்கும். என் அப்பா இந்தப் படத்தைப் பார்த்ததில்லை. அவர் வயதில், அவர் நிலையில் இருக்கும் எத்தனையோ பேர் நம் கழகத்தில் இருக்கிறார்கள்.

உங்கள் மற்ற ஆட்சேபங்களுக்கும் வருகிறேன். படம் படுக்கையறைக் காட்சியோடு ஆரம்பிக்கிறது என்பது உண்மை. போதை ஊசி, ரத்தம் எல்லாம் இருக்கிறது. குழந்தைகளோடு பார்க்கும் படம் இல்லை, நானும் அப்படிச் சொல்லவில்லை. பெரியவர்களுக்கு மட்டும் என்று போடுங்கள். இதைவிட ரத்தம் அதிகமான கொரியப் படங்களை நாம் திரையிட்டிருக்கிறோம், அப்போது எந்தச் செயற்குழுவும் கூடவில்லை. அங்கே வெட்டிக்கொண்டவர்கள் நமக்கு யாரோ என்பதாலா? கதை முன்னும் பின்னும் போவதால் குழப்பும் என்கிறீர்கள். ஒவ்வொரு முறை காலம் மாறும்போதும் யாருடைய கதை, கொள்ளைக்கு எத்தனை நாள் முன்பு என்று எழுத்திலேயே போடுகிறார்கள். அதைப் புரிந்துகொள்ளாத கூட்டமா நம் கூட்டம்? பெண் உறுப்பினர்கள் சங்கடப்படுவார்கள் என்று சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். அவர்களில் பலரிடம் பேசினேன். தங்களிடம் யாரும் கேட்கவில்லை என்றார்கள்.

பதிலுக்கு நீங்கள் அறிவித்திருக்கும் படம் எல்லா டிவி சேனலிலும் பண்டிகைக்குப் பண்டிகை வருவது. அதைப் பார்க்க யாரும் சனிக்கிழமை மாலை பஸ் பிடித்து வர வேண்டியதில்லை. 1959-இல் சத்யஜித் ராய் தலைவராக இருந்து திரைப்படக் கழகங்களின் கூட்டமைப்பைத் தொடங்கியபோது, தியேட்டருக்கு வராத படங்களை மக்களிடம் கொண்டுபோவதுதான் நோக்கமாக இருந்தது. நம் உறுப்பினர் அட்டையின் பின்புறமும் ஏறக்குறைய அதுதான் அச்சாகியிருக்கிறது.

ஆகவே கேட்கிறேன். நீக்கிய படத்தை அடுத்த மாதப் பட்டியலிலேயே சேருங்கள், அடுத்த வருடம் வேண்டாம். ஒரு காட்சியும் வெட்டாமல் முழுதாகப் போடுங்கள். 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்பதையும், தற்கொலை, போதை, வன்முறை சார்ந்து எளிதில் பாதிக்கப்படுபவர்கள் யோசித்து வரவும் என்பதையும் அறிவிப்பிலேயே எழுதுங்கள். தமிழ் சப்டைட்டில் தயாராக இருக்கிறது. நான் செய்து முடித்து, ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் சரிபார்த்தும் கொடுத்துவிட்டார். கோப்பை எப்போது வேண்டுமானாலும் தருகிறேன், அதற்குக் கழகம் ஒரு ரூபாய் செலவழிக்க வேண்டாம்.

படம் முடிந்ததும் ஒரு மணி நேரம் பேச நேரம் வையுங்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலிருந்து ஒரு வழக்கறிஞரை அழையுங்கள். ஜாமீன் கையெழுத்து, தொகை எழுதாத புரோநோட்டு, கந்துவட்டிப் புகாரை எங்கே எப்படிக் கொடுப்பது என்று வந்தவர்கள் கேட்கட்டும். கடன் பிரச்சினையில் இருப்பவர்கள் எல்லார் முன்னாலும் கேட்கத் தயங்குவார்கள், அதனால் சீட்டில் பெயர் இல்லாமல் எழுதிப் போடவும் ஏற்பாடு செய்யுங்கள். வீட்டுப் பெண்களும் வரும்படி மாலைக் காட்சிக்குப் பதில் ஞாயிறு பகலில் வையுங்கள்.

இனிமேல் அறிவித்த படம் எதையும் நீக்குவதாக இருந்தால், படத்தைப் பார்த்தவர்கள் கையெழுத்திட்ட எழுத்துபூர்வமான காரணம் எல்லா உறுப்பினர்களுக்கும் போக வேண்டும், மறுப்புச் சொல்ல ஒரு வாரமாவது கொடுக்க வேண்டும். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இந்த மடலை முழுக்க வாசித்து நடவடிக்கைக் குறிப்பில் பதிவு செய்யுங்கள். அதற்கு முன் குழுவில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் படத்தை ஒருமுறை முழுதாகப் பார்த்துவிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். பார்த்த பிறகும் வேண்டாம் என்று முடிவெடுத்தால், அந்தக் காரணத்தை உறுப்பினர்கள் முன்னால் வந்து சொல்லுங்கள். எதிரில் உட்கார்ந்து கேட்டு, என் பதிலையும் அங்கேயே சொல்கிறேன்.

இப்படிக்கு,
கழகத்தின் ஆயுள் உறுப்பினர்,
திருநெல்வேலி